நவம்பர்க்காரருக்கு

பிரேமன் நகர நூலகத்தின் மூன்றாம் மாடியில்
படங்களை இரவல் தருகிறார்கள்.
பன்னிரண்டு வாரம், படத்துக்கு ஐந்து யூரோ.
குமிழ்த்தாள் சுற்றிக் கையில் கொடுப்பாள் வீப்கே.
மழை பெய்தால் வானத்தைத் திட்டிக்கொண்டே
இன்னொரு சுற்று.

நான் டிராம் ஓட்டுபவள்.
நாள் முழுக்க ஒரே கண்ணாடி,
அதற்குள் நில்லாமல் ஓடும் ஊர்.
வீட்டுக்கு வந்தால்
ஓடாத ஏதாவது ஒன்று வேண்டுமென்றுதான் போனேன்.

முதலில் சோபாவுக்குப் பொருத்தமாய்,
பச்சைக்குப் பச்சை.
இரண்டே வாரத்தில்
சோபா படத்தைத் தின்றுவிட்டது.
அடுத்தது, வருகிறவர்கள் மெச்சட்டும் என்று
பெரிதாய், சிவப்பாய், ஒன்றும் விளங்காத ஒன்று.
என் வீட்டுக்கு யார் வருகிறார்கள்?
மீட்டர் பார்க்க வந்தவர் விலை கேட்டார்.
இரவல் என்றேன்.
அவர் முகம் விழுந்துவிட்டது.
மூன்றாவது ஒரு குதிரை.
அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

பிறகு இருநூற்றுப் பன்னிரண்டாம் எண்.
பாதி தோலுரித்த உருளைக்கிழங்கு,
அவ்வளவுதான்.
சாம்பல் நிற மேசை. அதன் விளிம்பில்
சுருண்டு தொங்கும் தோல்.
கத்தி இல்லை, கை இல்லை.
யாரோ கதவைத் தட்டியிருக்கிறார்கள்,
யாரோ எழுந்து போயிருக்கிறார்கள்.
பிடித்துப்போய் எடுக்கவில்லை.
ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால்
செருகுகிற அளவில் அது ஒன்றுதான் இருந்தது.

பகலில் அது வெறும் கிழங்கு.
கடைசி வண்டியை நிறுத்திவிட்டு வந்து
விளக்கைப் போட்டால்
உரித்த பக்கம் மட்டும் ஈரமாய் இருக்கும்.
ஒருநாள் தொட்டே பார்த்துவிட்டேன்.
வீப்கேயிடம் சொல்லிவிடாதீர்கள்.

திருப்பிக் கொடுத்த பிறகு சுவர்
பல் பிடுங்கிய ஈறு மாதிரி இருந்தது.
நாக்கு போய்ப் போய்த் தடவுகிற மாதிரி
கண் அங்கேயே போனது.
திரும்பப் போய்க் கேட்டேன்.
"நவம்பரில் கிடைக்காது. ஒன்பது வருஷமாய்
ஒருவர் வந்து எடுத்துப் போகிறார்.
பெயரா? அதற்குச் சட்டம் இருக்கிறது, கெஷெ."
படத்துக்கு இருப்பதைவிடக்
கெட்டியான சட்டம்.

இப்படித்தான் நீங்கள் என் வீட்டுக்குள் வந்தீர்கள்.
பிப்ரவரியில் படம் கைக்கு வந்ததும்
முதுகைத் திருப்பிப் பார்த்தேன்.
கம்பியில் ஒரு முடிச்சு,
இரண்டு சுற்றும் ஒரு மடிப்புமாய்,
கப்பல் கயிறு பழகிய விரல்களின் முடிச்சு.
கம்பியை நீளமாய் விட்டிருந்தீர்கள்,
படம் தாழ்ந்து தொங்கும்படி.
நின்று பார்க்கிறவர் இல்லை நீங்கள்.
உட்கார்ந்து. அல்லது படுத்து.
அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.
யோசித்தேன்.

ஆறு வருஷம் இப்படி,
குளிர் உங்களுக்கு, மிச்சம் எனக்கு.

போன வசந்தத்தில் பழைய படங்களை விற்றார்கள்.
முந்நூற்று நாற்பது யூரோ.
குளியலறைக் குழாய்க்கு ஒதுக்கிய பணம்.
"அவருக்குச் சொன்னீர்களா?" என்றேன்.
"கடிதம் போட்டோம்," என்றாள்
தாளைச் சுற்றிக்கொண்டே.
வெளியே நல்ல வெயில்.
மூன்று சுற்று சுற்றினாள்.

குழாய் இன்னும் சொட்டுகிறது.
முடிச்சை நான் அவிழ்க்கவில்லை.
என் சுவருக்கு அது நாலு விரல் தாழ்வு,
சாய்ந்தால் தலையில் இடிக்கிறது.
சோபாவைத்தான் நகர்த்தினேன்.

இன்று நவம்பர் மூன்று.
பழக்கதோஷம்,
காலையிலேயே கழற்றிவிட்டேன்.
சுற்றிக் கதவருகே சாய்த்த பிறகுதான்
எங்கே கொண்டுபோவது என்று நினைவு வந்தது.

என் முகவரியை வீப்கே உங்களுக்குத் தர மாட்டாள்,
சட்டம் இருக்கிறது.
நான்காம் எண் டிராம்.
விடிகாலை ஐந்து பத்துக்கு முதல் வண்டி.
என் இருக்கைக்குப் பின்னால் பாருங்கள்.